கம்பியைக் குறைக்கும் கணக்கு

பல மாடிக் கட்டடம் ஒன்று நிலநடுக்கத்தில் எப்படி ஆடும், எந்தத் தூண் முதலில் விட்டுக்கொடுக்கும் என்று கணினியில் முழுமையாகப் போட்டுப் பார்க்க, ஒரே ஒரு அதிர்வுப் பதிவுக்கே மணிக்கணக்கில் ஆகலாம். பதிவுகளோ பல வேண்டும்; தூணின் அளவை மாற்றினால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. இயந்திரக் கற்றல் கைகொடுப்பது இங்கேதான். இப்படிப்பட்ட சில ஆயிரம் கணக்குகளின் விடைகளைப் பார்த்துப் பழகிய கணினி மாதிரி ஒன்று, புதிய வடிவமைப்பில் ஒவ்வொரு மாடியும் எவ்வளவு நகரும் என்பதை நொடியில் ஊகித்துவிடும். நாலைந்து மாற்றுகளோடு நிறுத்திக்கொண்ட பொறியாளர், கான்கிரீட் சுவரை எங்கே வைத்தால் கட்டடம் முறுக்கிக்கொள்ளாது என்று ஆயிரம் இடங்களில் வைத்துப் பார்க்கலாம். வரைபடம் முடிவாகாத கட்டத்தில் இது பெரிய வசதி.

தேடல் அதோடு நிற்பதில்லை. கம்பியையும் கான்கிரீட்டையும் எவ்வளவு குறைக்கலாம் என்பதே பெரும்பாலும் அடுத்த கேள்வி. என் ஆட்சேபம் அங்கே தொடங்குகிறது. உண்மையில் இடிந்த கட்டடங்களில் கருவி பொருத்தி எடுத்த தரவு மிகக் குறைவு என்பதால், மாதிரிகள் பெரும்பாலும் மென்பொருள் தந்த விடைகளிலிருந்தே கற்கின்றன. மென்பொருளின் அனுமானப் பிழையும் சேர்ந்தே பாடமாகிவிடுகிறது. 1994 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த்ரிட்ஜ் பகுதியில் 6.7 அளவில் நிலம் அதிர்ந்தது. பற்றவைத்த எஃகுச் சட்டகங்கள் அதுவரை மிக நம்பகமானவை என்று பெயரெடுத்தவை. உத்தரம் வளைந்து ஆற்றலை உள்வாங்கும், வெல்டிங் தாங்கும் என்பது கணக்கு. பிறகு மேற்பூச்சைப் பெயர்த்துப் பார்த்தபோது, பல கட்டடங்களில் உத்தரமும் தூணும் சேரும் இடத்தில் வெல்டிங் வெடித்திருந்தது. 1993-இல் அன்றைய கணக்குகளில் பயிற்றிய மாதிரி அந்த இணைப்பைத் தயங்காமல் சிபாரிசு செய்திருக்கும். போதாக்குறைக்கு, மாதிரி எங்கே தவறுதலாகச் சாதகமான விடை சொல்கிறதோ, மலிவைத் தேடும் நிரல் அந்த மூலைக்கே போய்ச் சேரும்.

பழைய முறையில் வடிவமைத்தவரும் அதே அனுமானங்களைத்தானே நம்பினார் என்று கேட்கலாம். நம்பினார், ஆனால் ஒரே அளவுத் தூணைப் பல மாடிகளுக்கு வைத்த அவருடைய சோம்பல்கூட உபரி வலிமையாகக் கட்டடத்தில் தங்கியது. தேடல் முதலில் கரைப்பது அந்த உபரியைத்தான். நிச்சயமின்மையையும் கணக்கில் சேர்க்கலாமே என்பது இதைவிட வலுவான வாதம். பல பதிவுகள், மாறுபடும் கான்கிரீட் வலிமை, இடிந்துவிழும் நிகழ்தகவு எல்லாவற்றையும் சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் வெல்டிங் முறியும் என்று தெரியாதவர் அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவார்? அதனால்தான், நியூசிலாந்தில் பொறியாளர்கள் பார்க், பவுலே ஆகியோர் வளர்த்தெடுத்த கொள்கை தேடலுக்கு வெளியே, பேரத்துக்கு இடமில்லாமல் நிற்க வேண்டும்: சேதம் எங்கே வரலாம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, தூணுக்கு முன் உத்தரம் விட்டுக்கொடுக்கும்படி கட்டுவது. அதிர்வைப் பற்றிய ஊகம் பொய்த்தாலும் அது ஓரளவு காக்கும்.

கட்டுமானத் தளம் வேறு கதை. 2001 பூஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில், தரைத்தளத்தை வாகனம் நிறுத்தத் திறந்துவிட்டிருந்த அடுக்குமாடிகள் பல இடிந்தன. தளத்தில் நழுவும் சின்ன விஷயம் ஒன்று: தூண் கம்பியைச் சுற்றும் ரிங்கின் முனையை 135 டிகிரி வளைத்து உள்ளே திருப்ப வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. வேலை சுலபம் என்று 90 டிகிரியில் விட்டால், மேல் கான்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துகொள்ளும், நெடுக்குக் கம்பி பிதுங்கும். ரிங் இடைவெளியை விளிம்புவரை இழுத்த வடிவமைப்பில் இப்படி ஒரு குறை விழுந்தால் ஈடுகட்ட எதுவும் மிச்சமிருக்காது. இதே இயந்திரக் கற்றலைக் கொண்டு, தெருப் படங்களிலிருந்து திறந்த தரைத்தளக் கட்டடங்களை அடையாளம் காண்பதில் எனக்குக் கூடுதல் நம்பிக்கை உண்டு. அங்கே மாதிரி வீணாக ஒரு கட்டடத்தைச் சந்தேகித்தால் பொறியாளருக்கு ஒரு நடை கூடுதல். ஒன்றைத் தவறவிட்டால் அது முன்பிருந்த நிலையிலேயே இருக்கும், அதன் தூணிலிருந்து ஒரு கம்பியும் குறைந்திருக்காது.