நீதாவும் கவிதாவும்

வங்கத்திலிருந்து தமிழுக்கு வந்த கதைகள் என்றதும் சரத்சந்திரரின் தேவதாஸோடு நாம் நின்றுவிடுகின்றோம். அதனினும் நம் இல்லங்களுக்கு நெருங்கிய கதை ஒன்று உண்டு. ரித்விக் கட்டக் 1960இல் அளித்த 'மேகே டாகா தாரா'வையும், கே. பாலசந்தர் 1974இல் அளித்த 'அவள் ஒரு தொடர்கதை'யையும் அடுத்தடுத்துக் கண்டவர்க்கு இவற்றின் உறவு விளங்காமற் போகாது. இரண்டிலும் தன் ஊதியத்தால் குடும்பத்தைத் தாங்குபவள் மகள். இரண்டிலும் அவளை விரும்பியவன் பின்னர் அவள் தங்கையை நாடுகின்றான்.

தழுவல் என்னும் ஒரு சொல்லால் இதனைத் தீர்த்துவிடுவோர் உளர். நமக்கு அதில் உடன்பாடில்லை. இந்தியாவிலேயே முதன்முதலாக ஒப்பிலக்கியத் துறை, புத்ததேவ போஸின் முயற்சியால், 1956இல் தோன்றியது நம் ஜாதவ்பூரில்தான். இரண்டையும் அருகருகே வைத்து நோக்கும் கடமை, இங்கு வாழும் தமிழராகிய நமக்குச் சற்றுக் கூடுதலாகவே உண்டு.

நீதாவின் துயரத்திற்கு மூலம் அவள் வீட்டுக்கு வெளியே இருக்கின்றது. பிரிவினையால் கிழக்கு வங்கத்தை இழந்து வந்த குடும்பம் அது. பிஜய்கர், ஆசாத்கர் எனக் காய்கறி வாங்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் நாம் அன்றாடம் கடக்கும் தெருக்கள் அத்தகைய குடும்பங்கள் எழுப்பியவையே. வருவாய் ஈட்டும் மகளை இழந்துவிடுவோமோ என அஞ்சும் அத்தாயைக் கொடியவள் என்று சொல்ல நம் நா எழவில்லை. வறுமை அவளை அங்ஙனம் ஆக்கிற்று. நீதா படியிறங்கும்போது ஒலிக்கும் சாட்டையொலியை ஒருமுறை கேட்டவர் மறவார்.

கவிதாவின் குடும்பத்தைக் குலைத்ததோ வரலாறு அன்று, அவ்வீட்டு ஆடவர். துறவு பூண்டு நீங்கிய தந்தை, குடியில் மூழ்கிய தமையன். நாடிழந்தோர் கதை சென்னைக்கு வந்தபோது அந்த இழப்பு உதிர்ந்துவிட்டது. இது குறையே. ஆயினும் அதற்கு ஈடாகத் தமிழ்ப் படம் பெற்றது ஒன்றுண்டு: சினம். சுஜாதா ஏற்ற கவிதா வாய்மூடிச் சுமப்பவள் அல்லள். உண்போரைக் கேள்வி கேட்கின்றாள். நீதாவோ நோயுற்று, ஷில்லாங் மலையில், காலம் கடந்த பின்னரே தன் வாழும் வேட்கையைக் கதறிச் சொல்கின்றாள்.

முடிவுகளில்தான் வேறுபாடு முழுமையாகத் துலங்குகின்றது. கவிதா தன் திருமணம் கைகூடாமல் மீண்டும் வேலைக்குப் புறப்படுகின்றாள். தொடர்வது அவள் ஒருத்தியின் கதை. கட்டக்கின் படத்திலோ நீதாவின் தமையன், தெருவில் வேறொரு பெண்ணின் செருப்பு வார் அறுவதைக் காண்கின்றான். தொடக்கத்தில் நீதாவுக்கு நேர்ந்ததும் அதுவே. அவள் யாரோ, பெயர்கூட நமக்குத் தெரியாது. 'தொடர்கதை' என்னும் தலைப்பு வங்கப் படத்திற்கே கூடுதலாகப் பொருந்தும் என்பது நம் துணிபு.

பாலசந்தரின் கதை 1977இல் 'கபிதா' என்னும் பெயரில் வங்கமொழிக்கே சென்றது. தமிழில் நடித்த கமல்ஹாசன் அதிலும் நடித்தார். வங்கத்து மகள் தமிழ்ப் பெயர் சூடித் தாய்வீடு வந்தாள் எனலாம். நீதாவை வளர்த்த இந்நகரம், திரும்பி வந்தவளை அடையாளம் கண்டுகொண்டதா என்று அண்டை வீட்டு வங்கப் பெரியவர்களை நாம் கேட்கலாமே!