தரம் எங்கே முடிவாகிறது?
மிளகாய் வற்றலும் ஈரமானியும் உறையும்: ஒரு திறனாய்வு

பொருள்களின் தரத்தைப் பற்றி எழுதுவோர் இக்காலத்தில் இரண்டு சாதனங்களைத் தவறாமல் புகழ்கின்றனர். ஒன்று, பொருளின் நிலையை அளந்து சொல்லும் உணரி. மற்றொன்று, பொருளைப் பொதியும் உறை. இவ்விரண்டும் வந்துவிட்டால் தரம் தானாகவே உயர்ந்துவிடும் என்பது போன்ற கருத்து, விளம்பரங்களில் மட்டுமின்றிக் கருத்தரங்குகளிலும் ஒலிக்கிறது. இக்கருத்தில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான். விடுபட்ட மறுபாதி யாது என்பதை ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு இங்கு ஆராய்வோம். அப்பொருள் மிளகாய் வற்றல்.

களத்தில் நிகழ்வது

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பகுதிகள் பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீரைவிட மணலைக் காணும் நாள்களே மிகுதி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கப்படும் மிளகாய், தைக்குப் பிறகு பல பறிப்புகளாக வீடு வந்து சேர்கிறது. பழத்தை ஓரிரு நாள் குவித்து வைத்து நிறத்தைச் சீராக்கி, பிறகு களத்திலோ, கண்மாய்க் கரையிலோ, தார்ச்சாலை ஓரத்திலோ பரப்பி உலர்த்துகின்றனர். உலர்ந்த வத்தல் விருதுநகர்ச் சந்தைக்குப் போகிறது. அங்கிருந்து தூள் அரைக்கும் ஆலைகளுக்கும், வெளிநாடுகளுக்கும் செல்கிறது.

பறித்த பழத்தின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். நமது நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பனைக்கு வரும் வற்றலில் நீர் 11 விழுக்காட்டுக்கு மேல் இருத்தல் கூடாது. முக்கால் பங்கு நீரை ஒன்பதில் ஒரு பங்கிற்குக் கொண்டுவரும் இவ்வேலையை வெயிலும் காற்றும் செய்கின்றன. இதற்கு ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும். இடையில் ஒரு கோடை மழை பெய்தாலும், இரவில் மூடாமல் பனியில் விட்டாலும் காய் நிறம் கெட்டு வெளிறிப் போகிறது. சந்தையில் 'சண்டு' என்று ஒதுக்கப்படும் வத்தல் பெரும்பாலும் இப்படிப் பிறப்பதே.

நன்றாக உலர்த்தினால் நட்டம்!

இனி ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 75 விழுக்காடு நீருள்ள பழம் 100 கிலோ இருப்பதாகக் கொள்வோம். அதில் திடப்பொருள் 25 கிலோ. அதனை 11 விழுக்காடு வரை உலர்த்தினால் கிடைக்கும் வற்றல் 28.1 கிலோ. 14 விழுக்காட்டிலேயே நிறுத்திவிட்டால் கிடைப்பது 29.1 கிலோ. மூன்று நாள் கூடுதலாகக் காத்து, மழைக்கும் பனிக்கும் அஞ்சி, நன்றாக உலர்த்திய உழவருக்குக் கிடைக்கும் பரிசு, ஒரு கிலோ எடைக் குறைவு! விலை எடைக்கு மட்டுமே என்றால், தரமாக உலர்த்துவது நட்டத்தில் முடியும்.

மற்றுமோர் இடர்ப்பாடும் உண்டு. அளவுக்கு மிஞ்சி உலர்ந்த வற்றல் மூட்டை பிடிக்கும்போது நொறுங்கி விதையை உதிர்க்கும். உடைந்த காய்க்கும் விதிகளில் வரம்பு இருக்கிறது. எனவே, மூட்டை கட்டும் முன் வற்றலின்மேல் நீர் தெளித்துப் பதப்படுத்தும் வழக்கம் வணிகத்தில் நெடுநாளாக உள்ளது. நொறுங்காமல் இருப்பதற்காகத் தெளிக்கப்படும் நீர் எடையையும் கூட்டுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் பாடுபட்டு வெளியேற்றிய நீர், வாளியின் வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது.

பூஞ்சைக்குத் தேவையான நீர்

இரண்டு மூன்று விழுக்காடு நீரைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த 'ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ்' என்னும் பூஞ்சையின் நஞ்சே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அந்நஞ்சுக்கு 'அஃப்ளாடாக்சின்' என்று பெயரிட்டனர். 1974-இல் இராஜஸ்தான், குஜராத் எல்லைப்புற ஊர்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டதால் நூறு பேருக்கு மேல் ஈரல் நோயால் இறந்தனர். சிறிய அளவில் நெடுங்காலம் உடலில் சேர்ந்தால் இந்நஞ்சு ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். சமைக்கும் சூட்டில் இது அழிவதில்லை. வற்றலிலும் நிலக்கடலையிலும் இப்பூஞ்சை வளரக்கூடும்.

பூஞ்சை வளர்வதற்குப் பொருளில் மொத்தம் எவ்வளவு நீர் உள்ளது என்பதைவிட, அந்நீரில் எவ்வளவு கட்டுப்படாமல் இருக்கிறது என்பதே முதன்மையானது. இதனை அறிய எளிய வழி உண்டு. பொருளை ஒரு புட்டியில் இட்டு இறுக மூடினால், சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட ஒப்பு ஈரப்பதத்தை அடைந்து நிலைபெறும். அது 65 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பின் அச்சமில்லை. 80 விழுக்காட்டைத் தாண்டினால் மேற்சொன்ன நச்சுப் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நெல் 13, 14 விழுக்காடு நீருடன் கெடாமல் இருக்க, நிலக்கடலைப் பருப்பு 8 விழுக்காட்டுக்குக் கீழே உலர வேண்டியிருப்பது இதனால்தான். கடலையின் எண்ணெய்ப் பகுதி நீரை ஏற்பதில்லை; ஆகவே உள்ள நீர் முழுவதும் எஞ்சிய பகுதியிலேயே நெருக்கியடித்து நிற்கிறது.

ஈரமானி சொல்வதும் சொல்லாததும்

உழவரின் ஈரமானி அவருடைய கையும் காதுமே. காயைக் குலுக்கினால் விதை கலகலவென ஒலிக்க வேண்டும். வளைத்தால் தோல் துவளக் கூடாது. இம்முறை பழிக்கத்தக்கதன்று. ஆனால் 11 விழுக்காட்டையும் 13 விழுக்காட்டையும் பிரித்தறிய இதனால் இயலாது. அங்கேதான் கருவி வேண்டியிருக்கிறது.

சந்தையில் பரவலாகக் கிடைக்கும் ஈரமானிகள் பல, மின்தேக்கித் தத்துவத்தில் இயங்குபவை. நீரின் ஒப்புமை விடுதிறன் ஏறத்தாழ 80. உலர்ந்த தாவரப் பொருளுக்கோ 2 முதல் 5 வரைதான். எனவே, இரு தகடுகளுக்கிடையே தானியத்தை நிரப்பினால், அதிலுள்ள நீருக்கு ஏற்ப மின்தேக்குத்திறன் மாறும். அம்மாற்றத்தை விழுக்காடாகக் காட்டுவதே கருவியின் வேலை.

இத்தத்துவம் நெல்லுக்கும் சோளத்திற்கும் நன்கு பொருந்துகிறது. ஏனெனில் மணிகள் ஒரே சீராக அடைந்து நிற்கும். வற்றலோ உள்ளே வெற்றிடமுள்ள காய். ஒருமுறை நிரப்பும்போது நெருங்கியும் மறுமுறை தளர்ந்தும் நிற்கும். தகடுகளுக்கிடையே உள்ள காற்றின் அளவு மாறினால், நீர் மாறாமலே அளவீடு மாறிவிடும். தோலின் ஈரமும் விதையின் ஈரமும் ஒன்றாக இருப்பதில்லை. அரைத்துத் தூளாக்கி, மிளகாய்க்கெனத் தரப்படுத்திய அளவுகோலைக்கொண்டு அளந்தாலொழிய அந்த எண்ணை நம்புதல் கடினம். ஆய்வகங்களில் நறுமணப் பொருள்களின் ஈரத்தை வெறும் அடுப்பில் உலர்த்தி அளப்பதில்லை. நீருடன் மணமுள்ள எண்ணெய்களும் ஆவியாகிவிடும் என்பதால், டொலுயீனுடன் சேர்த்துக் கொதிக்கவைத்து, வடிந்து வரும் நீரைத் தனியே அளக்கின்றனர். ஈரமானியின் திரையில் தெரியும் எண்ணுக்குப் பின்னால் இத்தகைய ஒப்பீடு இருக்கிறதா என்று கேட்பது வாங்குபவரின் உரிமை மட்டுமன்று. விற்பவரின் உரிமையும் ஆகும்.

நஞ்சை அளப்பது இன்னும் கடினம். வற்றலில் அஃப்ளாடாக்சின் மொத்தம் கிலோவிற்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. அதாவது 10 டன் வற்றலில் 0.1 கிராம்! இந்நஞ்சு மூட்டை முழுவதும் சமமாகப் பரவியிருப்பதுமில்லை. பூஞ்சை பிடித்த சில காய்களில் குவிந்து கிடக்கும். ஒரு கைப்பிடி மாதிரியை எடுத்து மிகச் சிறந்த கருவியில் சோதித்தாலும், அந்தக் கைப்பிடியில் அக்காய்கள் அகப்படாவிட்டால் 'நஞ்சில்லை' என்றே விடை வரும். பிழை கருவியினுடையதன்று; மாதிரி எடுத்த முறையினுடையது.

கருவி அளப்பது தரத்தின் ஓர் அடையாளத்தையே என்பதையும் மறக்கலாகாது. சிவப்பு நிறமே தரம் என்று கொண்டால், நிறத்தைக் கூட்டுவதற்கு ஆள் கிளம்பிவிடுவர். இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருள்களில் 'சூடான் 1' என்னும் சாயம் இருப்பது 2003-இல் பிரான்சில் கண்டறியப்பட்டது. 2005-இல் பிரிட்டனில் அச்சாயம் கலந்த மிளகாய்த் தூளால் நூற்றுக்கணக்கான உணவுப் பொருள்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற நேர்ந்தது. பார்வைக்கு அவை யாவும் நல்ல சிவப்பே!

உறை காப்பது எதை?

சணல் சாக்கு நீராவியை உள்ளேயும் விடும், வெளியேயும் விடும். மழைக்காலக் கிடங்கில் அதனுள் இருக்கும் வற்றல் ஈரத்தை ஏற்று நமுத்துப் போகிறது. ஆகவே பாலித்தீன் உள்ளுறையும், காற்றுப் புகாப் பைகளும் பரிந்துரைக்கப்படுகின்றன. நன்கு உலர்ந்த சரக்கிற்கு இவை அருமையானவை. ஈரமுள்ள சரக்கிற்கோ கேடு. சணல் சாக்கில் இருந்தால் ஓரளவேனும் வெளியேறும் நீர், நெகிழிப் பையில் சிறைப்படுகிறது. கிடங்கின் கூரைப் பக்கம் சூடாகவும் தரைப் பக்கம் குளிர்ந்தும் இருந்தால், சூடான பகுதியிலிருந்து வெளிவரும் நீராவி குளிர்ந்த பகுதியில் போய்ப் படியும். மூட்டையின் சராசரி ஈரம் மாறாமலே, ஒரு மூலையில் பூஞ்சைக்குப் போதுமான நீர் சேர்ந்துவிடும்.

கப்பலில் செல்லும் இரும்புப் பெட்டகத்திலும் இதுவே பெரிய அளவில் நிகழ்கிறது. 30 பாகை செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் கொள்ளும். 33 கனமீட்டர் பெட்டகத்தின் காற்று முழுவதிலும் ஒரு கிலோ நீர்தான். ஆனால் அதற்குள் 14 விழுக்காடு ஈரத்துடன் 5 டன் வற்றல் இருந்தால், வற்றலுக்குள் இருக்கும் நீர் 700 கிலோ! தூத்துக்குடியின் வெயிலில் ஏற்றப்பட்ட பெட்டகம் குளிர்கடலை அடையும்போது, அதன் கூரையில் நீர் வியர்த்துச் சரக்கின்மேல் சொட்டுகிறது. அந்த நீர் கடலிலிருந்து வந்ததன்று, களத்திலிருந்தே வந்தது.

கடைகளில் தொங்கும் சிறு பொட்டலங்களையும் கவனியுங்கள். தூளின் சிவப்பு தெரிய வேண்டும் என்பதற்காகச் சில உறைகளை ஒளி புகும்படி செய்கின்றனர். மிளகாயின் சிவப்புக்குக் காரணமான 'கேப்சாந்தின்' ஒளியாலும் ஆக்சிஜனாலும் சிதைவது. பாலித்தீன் நீராவியைத் தடுக்கும் அளவுக்கு ஆக்சிஜனைத் தடுப்பதில்லை. நிறத்தைக் காட்டும் உறையே நிறத்தைத் தின்னுகிறது. அலுமினியத் தகடு சேர்ந்த பல்லடுக்கு உறை இரண்டையும் தடுக்கும். ஆனால் விலை கூடும், மறுசுழற்சியும் கடினம்.

கருவி யார் கையில்?

ஆகவே உணரியும் உறையும் வீண் என்பதா? இல்லை. அவை எங்கே, யார் கையில் இருக்கின்றன என்பதே கேள்வி.

போலியோ சொட்டு மருந்துக் குப்பியில் 1996 முதல் ஒரு சிறு அடையாளம் ஒட்டப்பட்டு வருகிறது. வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வெப்பம் பட்ட அளவுக்கு ஏற்பக் கருக்கும். சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தை எறிந்துவிட வேண்டும். உணரியும் உறையும் ஒன்றான இக்கருவி வெற்றி பெற்றதன் காரணம், முடிவெடுக்க வேண்டிய கிராமச் செவிலியர் கண்முன்னே, முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் அது இருந்ததுதான்.

பாலுக்கும் இத்தகைய ஏற்பாடு உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் பாலின் விலை, கொழுப்பையும் பிற திடப்பொருளையும் அளந்து கணக்கிடப்படுகிறது. நீருக்கு விலையில்லை என்பது இருதரப்பும் ஒப்புக்கொண்ட விதி.

வற்றலில் நிலைமை வேறு. அளவி பெரும்பாலும் வாங்குபவர் பக்கத்தில், விற்பனை நேரத்தில்தான் வருகிறது. அப்போது அது தரத்தை உயர்த்தும் கருவியன்று. கழிவு பிடிக்கும் கருவி. ஈரம் மிகுந்தால் விலை குறைகிறது. ஈரம் குறைந்தால் விலை கூடுவதில்லை. விற்கவந்தவர் மூட்டையைத் திரும்பக் களத்திற்குக் கொண்டுபோக முடியாது.

பாலைப் போல வற்றலுக்கும் திடப்பொருளுக்கு விலை வைத்தால் என்ன? எடையை, ஈரம் போக எஞ்சிய விழுக்காட்டால் பெருக்கி, 89 ஆல் வகுத்தால் போதும். முன் கண்ட கணக்கில் 29.1 கிலோவும் 28.1 கிலோவும் இம்முறையில் ஒரே மதிப்பை, அதாவது 28.1 கிலோவின் மதிப்பைப் பெறும். 9 விழுக்காடு வரை உலர்த்தி 27.5 கிலோ கொண்டுவருபவருக்கும் அதுவே கிட்டும். நீர் தெளிப்பதில் யாருக்கும் இலாபம் இராது. ஆனால் ஈரமானி ஒரு விழுக்காடு பிழைத்தால் பணமும் ஏறத்தாழ ஒரு விழுக்காடு பிழைக்கும். ஆகவே தராசுக்கு முத்திரையிடுவது போல ஈரமானிக்கும் முத்திரை வேண்டும்; அளப்பது இருவர் முன்னிலையில் நடைபெற வேண்டும்.

களத்திற்கோ விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பள்ளி ஆய்வுக்கூடத்தில் உள்ள கோபால்ட் குளோரைடு கரைசலில் தோய்த்து உலர்த்திய வடிதாளை மாணவர்கள் அறிவர். உலர்ந்த காற்றில் அது நீலம், ஈரக்காற்றில் இளஞ்சிவப்பு. பல இடங்களிலிருந்து பொறுக்கிய காய்களை ஒரு கண்ணாடிப் புட்டியில் முக்கால் பங்கு நிரப்பி, அத்தாளைக் காயில் படாமல் தொங்கவிட்டு, இறுக மூடி நிழலில் சில மணி நேரம் வையுங்கள். தாள் நீலமாகவே நின்றால் மூட்டை கட்டலாம். சிவந்தால் இன்னும் வெயில் வேண்டும். கோபால்ட் உப்பு நஞ்சாகையால், சோதித்த காய்களை உணவில் சேர்க்காமல் எறிந்துவிட வேண்டும்.

இதனுடன் தரையிலிருந்து தூசி ஏறாதபடி ஒரு தார்ப்பாய், மாலையில் மூட மற்றொன்று, இவை இருந்தால் பாதி வேலை முடிந்தது. திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிகளின் அறிவியல் மன்றங்கள் வரும் மாசி, பங்குனியில் தத்தம் ஊர்க் களங்களில் இச்சோதனையைச் செய்து, எந்தக் களத்தில் எத்தனை நாளில் தாள் நீலமாக நின்றது என்று பட்டியலிடலாம். உறை வாங்குவதா, எந்த உறை வாங்குவதா என்ற கேள்வியை அதன் பிறகு எழுப்புவதே முறை.