இரண்டு ரூட்டர்களுக்கு நடுவே

2013-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை ஒரு செய்தியைப் பிரசுரித்தது. கூகுள், யாஹூ ஆகிய நிறுவனங்கள் தங்கள் தரவு மையங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கென்றே பிரத்தியேகமாக வைத்திருந்த கண்ணாடி இழைத் தடங்களில், அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு ஸ்தாபனங்கள் ‘மஸ்குலர்’ என்ற பெயரில் ஒட்டுக்கேட்டு வந்தன என்பது அதன் சாரம். பொது இணையத்தில் செல்லும்போது குறியாக்கத்தால் காக்கப்பட்டிருந்த கடிதங்கள், நிறுவனத்தின் சொந்தத் தடத்துக்குள் நுழைந்தவுடன், இது நம்முடையதுதானே என்ற எண்ணத்தின் காரணமாக, எந்தக் காப்பும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. தனித்தடம் என்பதாலேயே ஒரு தடம் அந்தரங்கமானது என்று உலகெங்கும் நிர்வாகிகள் கொண்டிருந்த கொள்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைத்ததில்லை.

அந்தக் கொள்கையைக் கைவிடும் ஸ்தாபனங்களுக்கு உரிய ஏற்பாடுகளுள் மிகப் பரவலானதும், பெருஞ்செல்வம் இல்லாத சாதாரண வியாபார ஸ்தாபனங்களுக்கும் எட்டக்கூடியதும், இரண்டு அலுவலகங்களின் வாயிலில் இருக்கும் ரூட்டர்களுக்கு இடையே பொது இணையத்தின் வழியாகவே ஒரு விபிஎன் சுரங்கவழியை அமைத்துக்கொள்வதாகும். தலைமை அலுவலகத்தில் கணக்குச் சேவையகம் இருக்கிறது. தொலைவில் ஒரு கிளை இருக்கிறது. முன்னாளில் இவ்விரண்டையும் இணைக்க லீஸ்டு லைன் ஒன்றை வாடகைக்குப் பெற்று மாதந்தோறும் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. இன்றோ இரு பக்கமும் சாதாரண பிராட்பேண்டு இணைப்பு இருந்தால், ஐபிசெக் என்னும் நெறிமுறைத் தொகுதியை அறிந்த இரண்டு ரூட்டர்கள் அந்தக் காரியத்தை முடித்துவிடுகின்றன. செலவு குறைகிறது என்பதற்காகவே பெரும்பாலோர் இவ்வழக்கத்தை மேற்கொண்டனர். ஆனால் இதன் மெய்யான மேன்மை செலவில் இல்லை என்பது என் அபிப்பிராயம். அதனை முதலில் எடுத்துரைத்துவிட்டுக் குறைகளுக்குச் செல்வதே நியாயமாகும்.

முன்பின் பழக்கமில்லாத இரண்டு இயந்திரங்கள், எல்லோர் காதிலும் விழும்படி பேசிக்கொண்டே, தங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்பதை 1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் உலகுக்குக் காட்டினர். அந்தக் கணிதமே இன்றும் சுரங்கவழியின் அஸ்திவாரம். இரண்டு ரூட்டர்களும் முதலில் யுடிபி 500-ஆம் வாயிலில் சில எண்களைப் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றிலிருந்து சாவியைத் தனித்தனியே கணித்துக்கொள்கின்றன. சாவி ஒருபோதும் கம்பியில் பயணம் செய்வதில்லை. பின்னர், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ரகசியச் சொல்லாலோ டிஜிட்டல் சான்றிதழாலோ ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்கின்றன. அதன்பின் கிளையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு பாக்கெட்டும் முழுவதுமாகக் குறியாக்கம் செய்யப்பட்டு, வேறொரு பாக்கெட்டின் வயிற்றுக்குள் வைக்கப்பட்டு, வெளியுலகுக்கு இரண்டு ரூட்டர்களின் முகவரி மட்டுமே தெரியும்படி அனுப்பப்படுகிறது. வழியில் எவரேனும் ஒரு பிட்டை மாற்றினாலும், பழைய பாக்கெட் ஒன்றைப் பிடித்துவைத்து மீண்டும் அனுப்பினாலும், முறையாக அமைக்கப்பட்ட ரூட்டர் அதைக் கண்டுபிடித்து நிராகரித்துவிடும். பாக்கெட்டுகளைக் காக்கும் சாவியும் நிலையானதன்று. சிஸ்கோ ரூட்டர்களின் வழக்கமான ஏற்பாட்டில் 3,600 வினாடிகளுக்கு ஒருமுறை அது புதிதாகிறது. அது டிஃபி-ஹெல்மன் பரிமாற்றத்தின் தற்காலிக எண்களிலிருந்து பிறப்பதால், அடையாளத்துக்கான நீண்டகாலச் சாவி பின்னொரு நாளில் திருடுபோனாலும், முன்பு பதிவுசெய்து வைத்த உரையாடல்களை அதைக்கொண்டு திறக்க இயலாது.

இவற்றினும் நான் பெரிதாக மதிக்கும் விசேஷம் ஒன்று உண்டு. இந்தக் காப்பு முழுவதும் நெட்வொர்க்கின் அடித்தளத்தில் நிகழ்வதால், மேலே ஓடும் மென்பொருள் எதுவும் இதனை அறிய வேண்டிய அவசியமில்லை. குறியாக்கம் என்பதையே எண்ணிப் பாராமல் பல ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட கணக்கு மென்பொருளும், மூல ஆசிரியர் யாரென்றே தெரியாத கிடங்கு மென்பொருளும், ஒரு வரிகூட மாற்றப்படாமல் இந்தக் காப்பின் பலனை அடைகின்றன. சிறு ஸ்தாபனங்களின் அன்றாட வாழ்வு இத்தகைய பழைய மென்பொருள்களையே நம்பி நடக்கிறது என்பதை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். ஐபிசெக் ஒரு பொது நியமமாதலால், ஒரு முனையில் ஒரு கம்பெனியின் ரூட்டரும் மறுமுனையில் வேறொரு கம்பெனியின் ரூட்டரும் இருந்தாலும் உடன்பாடு சாத்தியமாகிறது என்பதும் சேர்த்து எண்ணத்தக்கது.

இனி, குறைகள். ஐபிசெக்கின் முதல் நியமங்கள் 1995-இல் வெளிவந்தன. 1998-இலும் 2005-இலும் திருத்தி எழுதப்பட்டன. நீல்ஸ் ஃபெர்குசனும் புரூஸ் ஷ்னையரும் 1999-இல் அதனை ஆராய்ந்து எழுதிய விமர்சனம் இன்றும் படிக்கத்தக்கது. அக்காலத்தில் கிடைத்தவற்றுள் இதுவே சிறந்தது என்று ஒப்புக்கொண்ட அவர்களே, ஒரு குழு கூடி எல்லோருடைய விருப்பத்தையும் திருப்திப்படுத்த முயன்றதன் விளைவாக இதன் சிக்கல் அளவுமீறிப் பெருகிவிட்டது என்றும், பாதுகாப்புக்குச் சிக்கலே பெரும் சத்துரு என்றும் வாதிட்டனர். இரண்டு வகை உறைகள், இரண்டு வகைப் பயண முறைகள், உடன்பாட்டுக்குப் பலவகைச் சடங்குகள், ஒவ்வொன்றிலும் தேர்ந்தெடுக்க வேண்டிய பல அல்காரிதங்கள் என்று விரியும் இந்தத் தொகுதியை முழுவதும் புரிந்துகொண்டு அமைப்பவர் மிகச் சிலரே.

அதன் பலனை, இரு முனைகளையும் இணைக்க முயலும் இரண்டு நெட்வொர்க் பொறியாளர்களின் மாலைப்பொழுதில் காணலாம். ஒருவர் எஸ்ஹெச்ஏ-256 என்று அமைத்திருக்கிறார், மற்றவர் எஸ்ஹெச்ஏ-1 என்று; ஒருவர் டிஃபி-ஹெல்மன் குரூப் 14 என்கிறார், மற்றவரின் பழைய ரூட்டருக்குக் குரூப் 2-க்கு மேல் தெரியாது. திரையில், முன்மொழிவு எதுவும் ஏற்கப்படவில்லை என்ற ஒற்றை வரி மட்டுமே வருகிறது. எந்த அம்சத்தில் பொருத்தம் தவறியது என்று அது சொல்வதில்லை. சோர்வுற்ற இருவரும் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்து, இரண்டு ரூட்டர்களுக்கும் பொதுவான மிகப் பழைய, மிக வலுக்குறைந்த ஏற்பாட்டில் இணைப்பு பச்சையாக மாறியதும் நிம்மதியடைந்து, அப்படியே விட்டுவிடுகிறார்கள். இது சில தனிமனிதரின் அலட்சியம் மட்டுமாயின் பொருட்படுத்த வேண்டியதில்லை. 2015-இல் ‘லாக்ஜாம்’ என்று அறியப்பட்ட ஆராய்ச்சி இதன் பரப்பை அளந்து காட்டியது: ஒரேயொரு 1024 பிட் பகா எண்ணின்மீது, ஓர் அரசாங்கத்தின் வசதி படைத்த எதிரி ஒருமுறை பெருங்கணக்கீட்டை நடத்தி முடித்துவிட்டால், ஆராயப்பட்ட விபிஎன் சேவையகங்களுள் 66 சதவீதத்தின் இணைப்புகளை ஓசையின்றி ஒட்டுக்கேட்க இயலும் என்று அதன் ஆசிரியர்கள் கணித்தனர். கணிதம் பலவீனமானதால் நேர்ந்த நிலையன்று இது. பலமான கணிதத்துக்குப் பக்கத்திலேயே பலவீனமானதையும் தேர்வுக்கு வைத்த ஏற்பாட்டின் விளைவு.

முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் ரகசியச் சொல்லின் கதையும் இத்தகையதே. நீளமானதாகவும் இயந்திரத்தால் எழுந்தமானமாக ஆக்கப்பட்டதாகவும் இருந்தால் அதில் குற்றமில்லை. நடைமுறையிலோ அது கம்பெனியின் பெயரோடு ஆண்டைச் சேர்த்த சொல்லாக இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பப்படுகிறது, அதை அறிந்தவர்கள் வேலையை விட்டு விலகிய பின்னும் மாற்றப்படாமல் நீடிக்கிறது. ஐபிசெக்கில் சாவி உடன்பாட்டை நடத்தும் ஐகேஈ நெறிமுறையின் முதற்பதிப்பில், பிராட்பேண்டு நிறுவனம் அடிக்கடி மாற்றும் முகவரியை உடைய கிளைகள், இச்சொல்லைப் பயன்படுத்த வேண்டுமாயின் ‘அக்ரெசிவ்’ முறைக்கே தள்ளப்பட்டன. அம்முறையில் அச்சொல்லிலிருந்து கணித்த ஒரு ஹாஷ், குறியாக்கம் இன்றியே வெளியே வரும். அதைப் பெற்றவன் தன் வீட்டிலிருந்தபடியே அகராதிச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கலாம். 2005-இல் வந்த இரண்டாம் பதிப்பு இந்த நிர்ப்பந்தத்தை நீக்கியது. முதற்பதிப்பு 2023-இல் முறைப்படி கைவிடப்பட்டது. என்றாலும் பழைய ரூட்டர்களின் அமைப்புக் கோப்புகளில் அது இன்னும் உயிரோடிருக்கிறது.

இவ்விடத்தில் ஒரு விசித்திரத்தையும் பதிவுசெய்ய வேண்டும். முதற்பதிப்பு அந்த ரகசியச் சொல்லைச் சாவியின் பிறப்பிலேயே கலந்தது. இரண்டாம் பதிப்பு அதை அடையாளத்துக்கு மட்டும் பயன்படுத்தியது. இதனால், டிஃபி-ஹெல்மன் கணிதத்தை உடைக்கவல்ல குவாண்டம் கணினி ஒரு நாள் வருமாயின், வலுவான சொல்லோடு அமைந்த பழைய முறை தாங்கி நின்றிருக்கும், புதிய முறை தாங்காது என்ற நிலை ஏற்பட்டது. 2020-இல் வெளியான ஆர்எஃப்சி 8784 என்ற நியம ஆவணம் அந்தப் பண்பை இரண்டாம் பதிப்புக்கு மீட்டுத் தந்தது. பத்து, பதினைந்து ஆண்டுகள் அந்தரங்கமாக இருக்க வேண்டிய தகவலை அனுப்பும் ஸ்தாபனங்கள், இன்று பதிவுசெய்யப்படுவது பின்னாளில் திறக்கப்படலாம் என்பதை உத்தேசித்து, இந்த ஏற்பாட்டைத் தம் ரூட்டர் அறியுமா என்று விசாரிப்பது அவசியம்.

நடைமுறைத் தொல்லைகளில் நெடுநேரம் தங்க விரும்பவில்லை. இரண்டு அலுவலகங்களும் ரூட்டரோடு வந்த 192.168.1 என்ற முகவரித் தொடரையே வைத்திருந்தால் எந்தப் பாக்கெட் எங்கே போக வேண்டும் என்பது ரூட்டருக்கு விளங்காது. ஏதேனும் ஒரு பக்கத்தை மாற்றியே தீர வேண்டும். உறைக்குள் உறை வைப்பதால் 1,500 பைட் பாக்கெட்டுக்கு இடம் போதாமல், சிறிய செய்திகள் போய்ச் சேர, பெரிய கோப்புகள் மட்டும் பாதிவழியில் நின்றுவிடும். டிசிபியின் எம்எஸ்எஸ் அளவை 1,360 அளவுக்குக் குறைத்தால் பெரும்பாலும் தீரும். இவை எரிச்சலூட்டுபவை, ஆபத்தானவை அல்ல.

ரூட்டரே துரோகம் செய்யுமாயின் சுரங்கவழியால் என்ன பயன் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 2015 டிசம்பரில், நெட்வொர்க் சாதனங்களைத் தயாரிக்கும் ஜூனிப்பர் நிறுவனம், தன் ஸ்கிரீன்ஓஎஸ் மென்பொருளில் அனுமதியின்றி நுழைக்கப்பட்ட நிரலைக் கண்டுபிடித்ததாகவும், அதைக்கொண்டு விபிஎன் போக்குவரத்தைக் குறிநீக்கம் செய்ய இயலும் என்றும் அறிவித்தது. எழுந்தமான எண்களைத் தரும் பகுதியில் ஒரு மாறிலி மாற்றப்பட்டிருந்தது என்பதை ஆராய்ச்சியாளர்கள் பின்னர் கண்டனர். ஏஈஎஸ் குறியாக்கம் உடைபடவில்லை, டிஃபி-ஹெல்மனும் உடைபடவில்லை, எண்கள் ஊகிக்கத்தக்கவையாக இருந்தன, அவ்வளவே. எனவே, எந்த அல்காரிதம் என்று கேட்பவர், இந்த ரூட்டரின் மென்பொருள் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.

ஜேசன் டோனன்ஃபெல்டு உருவாக்கி, 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலில் இடம்பெற்ற வயர்கார்ட் என்னும் விபிஎன் நெறிமுறை, முன்சொன்ன சிக்கல் நோய்க்கு நேரடியான சிகிச்சை. அதன் முதல் ஆக்கம் 4,000 வரிகளுக்கும் குறைந்தது. அல்காரிதங்களை அதுவே நிர்ணயித்துவிட்டது. தேர்வு இல்லாததால் தவறான தேர்வும் இல்லை. அதன் விலையாக, நிர்ணயித்தவற்றுள் ஒன்றில் பழுது தெரிய வந்தால் எல்லா முனைகளையும் புதிய பதிப்புக்கு மாற்ற நேரிடும். இரண்டே அலுவலகங்களை உடைய ஸ்தாபனத்துக்கு அந்த விலை மலிவானது என்பேன். நூறு கிளைகளும் சான்றிதழ் நிர்வாகமும் பலவகை ரூட்டர்களும் உள்ள இடத்தில் ஐகேஈ இரண்டாம் பதிப்போடு கூடிய ஐபிசெக்கே பொருந்தும்.

ஆயினும் வயர்கார்டும் ஐபிசெக்கும் ஒருங்கே விட்டுவைக்கும் குறை ஒன்றுண்டு. இவ்வழக்கத்தின் மீது நான் வைக்கும் தலையாய குற்றச்சாட்டு அதுவே. சுரங்கவழி வழியிலுள்ள அந்நியனிடமிருந்து காக்கிறது. முனையில் உள்ளவனைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இரண்டு வீடுகளுக்கு நடுவே மதில் எழுப்பி ஒரு நடைபாதை அமைத்தவர், அதனாலேயே இரண்டு வீட்டுக் கதவுகளையும் கழற்றிவிடலாம் என்று எண்ணுவதைப் போல, சுரங்கவழி அமைத்தவர்கள் அந்தரங்கம் கிடைத்ததை நம்பிக்கை கிடைத்ததாகவே கொண்டுவிடுகிறார்கள். ரூட்டரின் விதிப் பட்டியலில், இந்தப் பக்கத்து முகவரி எதுவாயினும் அந்தப் பக்கத்து முகவரி எதுவாயினும் எல்லாவற்றையும் அனுமதி என்ற ஒரு வரி எழுதப்படுகிறது. அன்று முதல், கிளையில் பாதுகாப்புத் திருத்தங்கள் போடப்படாத ஒரு கணினியும், தலைமை அலுவலகத்தின் சம்பளப் பட்டியல் இருக்கும் சேவையகமும் ஒரே அறையில் இருப்பனவாகின்றன.

2017 ஜூன் 27-ஆம் தேதி நிகழ்ந்தவை இதன் பரிமாணத்தைக் காட்டும். எம்இடாக் என்ற உக்ரைன் நாட்டுக் கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக நுழைந்த நாட்பெட்யா என்ற கிருமி, உள்வலைக்குள்ளேயே கணினிக்குக் கணினி தாவும்படி ஆக்கப்பட்டிருந்தது. உக்ரைனில் தொடங்கிய அந்த நாசம் மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனத்தின் உலகளாவிய வலையை வீழ்த்தியது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அதன் குழுமம் நடத்திய முனையமும் பாதிக்கப்பட்டது. ஏறத்தாழ 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாள்களில் மீண்டும் நிறுவ நேர்ந்ததென அதன் தலைவர் 2018 ஜனவரியில் டாவோஸ் நகரில் கூறினார். அந்த அலுவலகங்கள் எவ்வகைத் தடத்தால் இணைந்திருந்தன என்பது இங்கே முக்கியமன்று. மிகச் சிறந்த குறியாக்கம் கொண்ட சுரங்கவழியாக இருந்தாலும், கட்டற்ற அனுமதி அதில் இருக்குமாயின், அந்தக் கிருமியை வழியில் எவரும் பார்த்துவிடாதபடி பத்திரமாகவே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும்.

ஆகவே இவ்வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பதன்று என் வாதம். அதன் அகலத்தைச் சுருக்க வேண்டும் என்பதே. கிளையின் கணக்குக் கணினிகள் தலைமை அலுவலகத்தின் கணக்குச் சேவையகத்தை அதற்குரிய ஒரு வாயிலில் மட்டும் அணுகட்டும். கிளையின் கண்காணிப்புக் கேமராக்களுக்கும் விருந்தினர் வைஃபைக்கும் சுரங்கவழியில் இடமே வேண்டாம். தலைமை அலுவலகத்திலிருந்து கிளைக்குச் செல்வதற்கும் அதே கட்டுப்பாடு இருக்கட்டும்; ஆபத்து இரு திசையிலும் பயணம் செய்யும். இதற்குப் புதிய சாதனம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. இருக்கும் ரூட்டரின் ஃபயர்வால் விதிகளே போதும். ஆனால் எந்தக் கணினிக்கு எது தேவை என்பதை ரூட்டரை அமைப்பவர் தாமாக அறிய இயலாது. கிளையின் கணக்கரையும் கிடங்குப் பொறுப்பாளரையும் உட்காரவைத்து அவர்களுடைய அன்றாட வேலையை விசாரித்தே அறிய வேண்டும். அல்காரிதங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதில் ஒரு பொழுதைச் செலவிடும் பொறியாளர், இந்த விசாரணைக்கு இரண்டு பொழுதுகளைக் கேட்டுப் பெறுவாராயின், அவரது நிர்வாகம் அதை மறுக்காமல் கொடுக்க வேண்டும்.