ப்ரமாணம் காட்டாத விடைகள்

ஒரு வாக்கியத்தின் பொருள் யாது என்று ஆராயப் புகுமுன், அதனைச் சொன்னவர் யார், எவ்விடத்தில் சொன்னார் என்று தெளிவது நம் வ்யாக்யாதாக்களின் முறை. ஈட்டைக் காலக்ஷேபமாகக் கேட்டவர்கள் இதனை நன்கறிவர். ஒரே பாசுரத்திற்குத் திருமாலையாண்டான் பணிக்கும்படி ஒன்றாயும், எம்பெருமானார் அருளிச்செய்யும்படி வேறொன்றாயும், பட்டர் நிர்வாஹம் மற்றொன்றாயும் வருமிடங்களில், அவற்றைப் பெயரிட்டுப் பிரித்து வைத்தார்களேயன்றி, ஒன்றாகக் கரைத்துப் பொதுவான ஒரு பொருளை வார்த்துத் தரவில்லை. பொருளோடு அது வந்த வழியையும் காப்பதே வ்யாக்யானம் என்று அவர்கள் திருவுள்ளம் பற்றினார்கள்.

இன்று தகவல் தொழில் முழுவதையும் புரட்டிக்கொண்டிருக்கும் இணையத்தின் புதிய பொறிகளை இந்த அளவுகோல் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. அவற்றின் வேகத்தையும் பரப்பையும் வியப்பவர் பலர் உளர். அவை ப்ரமாணம் காட்டுகின்றனவா என்று வினவுவோர் சிலரே.

இணைப்பு என்பது மேற்கோளே

இணையவலை பிறந்தபோது அதன் உயிர்நிலை மேற்கோளாகவே இருந்தது. 1989ஆம் ஆண்டு, ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த டிம் பெர்னர்ஸ்-லீ, அங்கு மக்கள் மாறிச் செல்லச் செல்ல ஆவணங்களும் அவற்றின் தொடர்பும் தொலைந்துபோவதைக் கண்டு, ஓர் ஏடு மற்றோர் ஏட்டைச் சுட்டி நிற்கும் அமைப்பு ஒன்றை முன்மொழிந்தார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் செர்ன் நிலையம் அதனை எவரும் கட்டணமின்றிக் கையாளும்படி உலகிற்கு விட்டுக்கொடுத்தது.

இதற்கு முன்னரே, 1965இல், ‘ஹைப்பர்டெக்ஸ்ட்’ என்னும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்த டெட் நெல்சன் கருதியது இதனினும் பெரிது. எடுத்தாளப்பட்ட வாக்கியம் தன் மூலத்தோடு இருபுறமும் கட்டுண்டிருக்க வேண்டும்; எடுத்தாண்டவனிடமிருந்து மூலகர்த்தாவுக்குச் சிறு தொகையும் சேர வேண்டும் என்பது அவர் வகுத்த ‘ஸனாடு’ என்னும் திட்டம். உலகில் பரவியதோ ஒருபுறம் மட்டும் சுட்டும் எளிய இணைப்பு. சுட்டப்பட்ட ஏடு அழிந்தாலும் சுட்டியவனுக்குத் தெரியாது. எனினும் சுட்டுதல் என்னும் தர்மம் அதிலும் இருந்தது.

1998இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான லாரி பேஜும் ஸெர்கே பிரினும் இயற்றிய தேடுபொறி இத்தர்மத்தின் மேலேயே எழுந்தது. ஓர் ஏட்டைப் பலர் சுட்டினால் அதற்கு மதிப்பு. மதிப்புடையார் சுட்டினால் அதனினும் மதிப்பு. யூஜீன் கார்ஃபீல்டு 1964இல் விஞ்ஞானக் கட்டுரைகளுக்கு மேற்கோள் அட்டவணை வெளியிட்டபோது பின்பற்றிய நெறிக்கு இது நெருங்கிய உறவு. எவரை எவர் எடுத்தாண்டார் என்னும் கணக்கே கூகுள் நிறுவனத்தின் முதல் மூலதனம்.

இதன்மேல் எழுதப்படாத ஓர் உடன்பாடும் அமைந்தது. தேடுபொறி ஏடுகளைப் படியெடுத்து அட்டவணை செய்துகொள்ளும். கைம்மாறாக வாசகரை அவ்வேட்டிற்கே அனுப்பிவைக்கும். ‘இப்பகுதியைப் படியெடுக்க வேண்டா’ என்று ஏட்டுக்குரியவர் அறிவித்துக்கொள்ள 1994இல் ‘ரோபாட்ஸ்’ கோப்பு என்னும் வழக்கம் ஏற்பட்டது. அது சட்டமன்று, மரியாதை. அம்மரியாதையை நம்பியே செய்தித்தாள்களும் கலைக்களஞ்சியங்களும் தம் ஏடுகளைத் திறந்துவைத்தன. வந்த வாசகரைக் கொண்டு விளம்பரமும் சந்தாவும் பெற்றுப் பிழைத்தன.

உடன்பாடு முறிந்த வரலாறு

2012இல் இரண்டு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. 244 ஆண்டுகள் அச்சில் வந்த பிரிட்டானிகா கலைக்களஞ்சியம் இனி அச்சிடுவதில்லை என்று அறிவித்தது. அவ்வாண்டிலேயே கூகுள், கேள்விக்குரிய செய்தியைத் தன் பக்கத்திலேயே பெட்டியிட்டுக் காட்டத் தொடங்கிற்று. வழிகாட்டியாக நின்றவன் வாயிலிலேயே கடை விரித்தான்.

2017இல் கூகுள் ஆய்வாளர் எண்மர் ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்னும் அமைப்பை வெளியிட்டனர். அதன் வழியே வந்த சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30ஆம் நாள் பொதுமக்கள் கைக்கு வந்தது. 2024இல் கூகுளின் தேடற்பக்கமே இவ்வகை விடையைத் தலைப்பில் தாங்கி நின்றது. மூல ஏட்டிற்குச் செல்லும் தேவை வாசகனுக்குக் குறைந்தது.

இதனால் பத்திரிகை உலகம் இரண்டுபட்டது. 2023 ஜூலையில் அஸோஸியேட்டட் பிரஸ் தன் செய்திகளைப் பயன்படுத்த ஓப்பன்ஏஐ நிறுவனத்திற்கு உரிமம் வழங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் அந்நிறுவனத்தின்மீதும் மைக்ரோஸாஃப்ட்மீதும் வழக்குத் தொடுத்தது. 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிற்று. விற்கவும் வழக்காடவும் வலிமை உடையவர்களின் நிலை இது. இரண்டும் இயலாத சிறு பதிப்பகத்தார், கைங்கர்யமாக ஏடு பார்த்து அச்சிடுவோர் ஆகியோரின் உழைப்பு, பெயரும் இன்றிக் கூலியும் இன்றிப் பொறிக்குள் புகுந்துவிட்டது.

பூர்வபக்ஷம்

இங்கே ஒருவர் ஆக்ஷேபிக்கலாம்: “பொறி செய்வது என்ன? கற்றதை உள்வாங்கித் தன் வாக்கால் திரும்பச் சொல்கிறது. நம்பிள்ளை செய்ததும் இதுவன்றோ? நஞ்சீயர் ஒன்பதினாயிரப்படியைப் பட்டோலை செய்யக் கொடுத்தருள, அது காவிரிப் பெருக்கில் போய்விட்டது. நம்பிள்ளை நினைவிலிருந்தே முழுவதையும் எழுதிச் ஸமர்ப்பித்தார். மூலத்தில் இல்லாத சில விசேஷார்த்தங்களும் அதில் இருந்தன. நஞ்சீயர் அதனை உகந்தாரேயன்றி வெறுக்கவில்லையே?”

ஆக்ஷேபம் வலியது. ஆயினும் அவ்வைதிஹ்யத்தை முழுவதும் நோக்கினால் விடை அதிலேயே கிடைக்கும். நம்பிள்ளை எழுதியதைக் கண்டவர், மூலத்தை இயற்றியவரே. அவர் படித்துப் பார்த்தார். தாம் எழுதாத பொருள்கள் இருப்பதை இனங்கண்டார். நிகழ்ந்தது என்னென்று கேட்டார். நம்பிள்ளையும் ஏடு போனதை மறைக்காமல் விண்ணப்பித்தார். கூட்டியது தெரிந்தது, கூட்டியவர் தெரிந்தது, ஆசார்யனுடைய இசைவும் கிடைத்தது. இம்மூன்றினாலேயே அது ப்ரமாணமாயிற்று.

பொறியில் இம்மூன்றும் இல்லை. கற்பிக்கும்போது கோடிக்கணக்கான ஏடுகளைப் படித்து, ஒரு சொல்லுக்கு அடுத்து எச்சொல் வரக்கூடும் என்னும் கணிப்பை எண்களாகத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. பின்பு அதனிடம் தங்குவது பெரும்பாலும் நூலன்று, நூலின் வாஸனை. எனவே எவ்வாக்கியம் எவ்வேட்டிலிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கும் அடுத்த சொல்லையே கணித்து விடையிறுக்கிறது.

இதன் விளைவை 2023இல் நியூயார்க் ஃபெடரல் நீதிமன்றம் கண்டது. ஏவியன்கா விமான நிறுவனத்தின்மீது வழக்காடிய வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டினர். அத்தீர்ப்புகள் எவையும் உலகில் இல்லை. இவை உண்மையானவையா என்று அவர்கள் அப்பொறியையே கேட்க, உண்மையே என்று அது விடை தந்திருந்தது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். தன் வாக்கிற்குத் தன்னையே ஸாக்ஷியாக்குவதை நம் சாஸ்த்ரம் ஆத்மாச்ரய தோஷம் என்று ஒதுக்கும்.

‘இப்போது பொறிகள் தேடிப் பார்த்து, விடையின் அருகில் இணைப்பும் தருகின்றனவே’ எனில், அது நன்றே. ஆனால் சுட்டிய ஏட்டில் அவ்வாக்கியம் உண்டா என்பதைத் திறந்து பார்த்தவனே அறிவான். விடை கிடைத்தபின் திறந்து பார்ப்பார் எத்தனை பேர்?

நம் ஏடுகளின் நிலை

1998 பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலரைக் கொண்டு தமிழ் நூல்களைக் கணினியில் ஏற்றி இலவசமாக வழங்கி வருகிறது. அதன் கோப்புகளின் தலைப்பில் தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் காணப்படும். பிழை கண்டால் எவரிடம் சொல்வது என்பதும், நன்மை கண்டால் எவரை வாழ்த்துவது என்பதும் அதனால் விளங்கும். பொறி அக்கோப்பை விழுங்கும்போது முதலில் உதிர்வது அந்தத் தலைப்பே.

மணிப்ரவாள நூல்களுக்கு வேறொரு கேடும் உண்டு. பழைய பதிப்புகளில் வடசொற்கள் க்ரந்த எழுத்தில் இருக்கும். யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது; க்ரந்தமோ 2014இல்தான் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் கணினியில் ஏறியவை பெரும்பாலும் தமிழெழுத்திலேயே ஏறின. ‘பலம்’ என்று எழுதியிருந்தால் அது வலிமையா, பயனா? உபாயத்தையும் அதன் பயனையும் பிரித்துப் பேசும் நூலில் இவ்வையம் சிறியதன்று. காலக்ஷேபம் கேட்டவர் இடம் நோக்கித் தெளிவர். பொறியோ எது மிகுதியாக வழங்குகிறதோ அதனை எடுத்துக்கொண்டு, ஐயம் இருந்தது என்பதையே சொல்லாமல் மேலே செல்லக்கூடும்.

நிரப்புவது குற்றமன்று, நிரப்பியதைச் சொல்லாமையே குற்றம். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி லோபித்தபோது, லோபித்த அளவிற்கே மணவாள மாமுனிகள் வ்யாக்யானம் அருளி, பழையது கிடைத்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். அவருக்கு மேலும் எழுதும் வல்லமை இல்லையென்று எவரும் சொல்லார். இன்றும் அப்பகுதி மாமுனிகள் வ்யாக்யானம் என்றே தனியே வழங்குகிறது.

ஸித்தாந்தம்

ஆகையால் பொறியை விலக்க வேண்டும் என்று கூறினோமல்லோம். ஒரு சொல் ஆயிரம் பக்கங்களில் எங்கெங்கு வருகிறது என்று தேடித் தருவதில் அதற்கு நிகரில்லை. அட்டவணைக்குரிய இடத்தை அதற்கு அளிக்கலாம். ஆசார்யனுக்குரிய இடத்தை அளிக்கலாகாது.

நாம் செய்யத்தக்கவை சில உண்டு. இணையத்தில் ஏற்றும் ஒவ்வொரு நூலிலும் பதிப்பு, ஆண்டு, பக்கம், பாடபேதம் ஆகியவற்றைத் தலைப்பில் மட்டுமன்றி ஒவ்வொரு பகுதியோடும் பிணைத்து எழுதுவது ஒன்று. வடசொற்களைக் க்ரந்தத்திலேயே ஏற்றுவது ஒன்று. நூலின் அளவைக் குறிப்பது ஒன்று. 32 எழுத்துக் கொண்டது ஒரு படி என்று எண்ணி, ஒன்பதினாயிரம், இருபத்துநாலாயிரம் என அளவையே பெயராக்கியதனால் கூடுதல் குறைவுகளுக்கு ஒரு காவல் உண்டாயிற்று. கோப்பு மாறாமல் வந்ததா என்றறியக் கணினித்துறையார் அதிலிருந்து கணித்த எண்ணை உடன் வைப்பதும் இக்கருத்தாலேயே.

எல்லாவற்றிற்கும் மேலாக, மாமுனிகளின் ஈட்டு ப்ரமாணத் திரட்டு நம்முன் உள்ளது. ஈட்டின் மேற்கோள்கள் ஒவ்வொன்றும் எந்த ச்ருதி, எந்த ஸ்ம்ருதி, எந்த புராணம் என்று தேடித் தொகுத்துவைத்தார். புதுப்பொருள் கூறும் நோக்கம் அதற்கில்லை. சொன்ன பொருளுக்கு மூலம் காட்டுவதே அதன் நோக்கம். பொருள் கூறுவது எளிதாகிவிட்ட இக்காலத்தில் மூலம் காட்டும் அக்கைங்கர்யமே அரிதாயிற்று. அதனை மேற்கொள்வோர் இளையோரில் சிலர் தோன்றினால் போதும், ஏடுகள் எங்கே ஏறினாலும் ஸம்ப்ரதாயம் அறாது.