குடுவைக்குள் நீண்ட நரம்பிழை

ஓர் ஆராய்ச்சியை மதிப்பிடுவோர் அதன் முடிவை மட்டும் நோக்குதல் போதாது. அம்முடிவு எந்த எல்லைக்குள் நின்று கூறப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். பிரிக்பீல்ட்ஸுக்கு அணித்தே உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் விக்கினேசுவரி சபாரத்தினம், முரளி நாயுடு முதலிய அறிஞர்கள் நடத்தி, 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட சிங்கப்பிடரிக் காளான் ஆய்வு இதற்குத் தக்க சான்றாகும். சீனர் குரங்குத்தலை என வழங்கும் இக்காளான் குளிர்நாட்டுக்குரியது. இப்பொழுது மலேசியாவிலும் பயிராகிறது.

முதிர்ந்த நரம்பணு பிளந்து பெருகுவதில்லை. எனவே, கட்டிகளிலிருந்து எடுத்த, ஓயாது பெருகும் உயிரணுக்களை அறிஞர்கள் குடுவையில் வளர்த்து ஆராய்கின்றனர். இங்குப் பயன்பட்ட என்.ஜி.108-15 என்னும் வகை, சுண்டெலியின் நரம்புக்கட்டி அணுவும் எலியின் மூளைக்கட்டி அணுவும் இணைந்த கலப்பு. தக்க தூண்டல் கிடைத்தால் இது நரம்பணுவைப் போல் இழை நீட்டும்.

காளானின் நீர்ச்சாறு இவ்வணுக்களை நரம்பு வளர்ச்சிக் காரணியைச் சுரக்கச் செய்தது, இழைகளும் நீண்டன. ரீட்டா லெவி மொந்தால்சினிக்கும் ஸ்டான்லி கோகனுக்கும் 1986இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த கண்டுபிடிப்புகளுள் ஒன்று அக்காரணியே. அதனையும் சாற்றையும் சிற்றளவில் சேர்த்து இட்டபோது இழை வளர்ச்சி 60.6 விழுக்காடு கூடியது.

ஆய்வின் பெருமை இதனோடு முடியவில்லை. உயிரணுவைச் சிதைக்கும் ஆக்சிஜன் நச்சுக்கு எதிராக இச்சாறு காப்பளிக்குமா என்றும் அவர்கள் சோதித்தனர். காக்கவில்லை. வளர்க்கும் ஆற்றல் உண்டு, காக்கும் ஆற்றல் இல்லை என்பதை மறைக்காமல் எழுதினர். பக்கவாதத்தில் மூளையணுக்கள் மடிவதற்கு இத்தகைய நச்சும் ஒரு காரணம். எனவே, கைவிடத்தகாத பகுதி இதுவே. ஆனால், செய்தி ஆய்வுக்கூடத்தைக் கடந்து விளம்பரத்துக்கு வரும்போது முதலில் உதிர்வதும் இதுவே.

ஆய்வுக்கும் குறையுண்டு. கட்டியணு இயல்பான நரம்பணு ஆகாது. குடுவையில் நேரே ஊற்றிய சாற்றுக்குக் குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை, மூளையைக் காக்கும் குருதித் தடையும் இல்லை. சாற்றிலுள்ள எந்தப் பொருள் செயல்பட்டது என்பதையும் அந்த 60.6 உரைக்காது.

இப்பல்கலைக்கழகத்தாரின் 2011ஆம் ஆண்டு ஆய்வில், கால் நரம்பு நசுக்கப்பட்ட எலிகள் வாய்வழிச் சாறு பெற்று விரைந்து தேறின. 2009இல் ஜப்பானில் நினைவு தளர்ந்த முதியோர் 30 பேரிடம் நடந்த சோதனையில் காளான் உண்டோர் முன்னேறினர்; நிறுத்தியபின் அப்பயன் குறைந்தது. இவை ஏணியின் அடுத்தடுத்த படிகள்; உச்சியல்ல.

கிள்ளானில் பக்கவாதமுற்ற தந்தைக்கு மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திக் காளான் பொடியை நம்பும் மகன், குடுவையையும் உடலையும் ஒன்றெனக் கொண்டவன் ஆவான். அப்பிழைக்கு அறிஞர் பொறுப்பல்லர். அவர்கள் எல்லையைக் கூறியே சென்றனர். அவ்வெல்லையையும் சேர்த்துப் படிப்பதே கற்றோர் கடன்.