செல்வ நாட்டின் கடன் கணக்கு

செல்வ நாடொன்றிற்குச் சென்று மீள்வோர் எழுதும் பயணக் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு உண்டு. முதலில் வெயில்; பின்னர் அங்காடியின் குளிர்; அதன்பின் உயர்ந்த மாடங்கள், விரையும் கார்கள், பொன் விற்கும் தெரு; முடிவில், பணம் மட்டும் வாழ்வாகுமா என்றொரு பெருமூச்சு. குவைத்தைப் பற்றி வருவனவும் பெரும்பாலும் இதற்குள் அடங்குவனவே. 1979இல் திறக்கப்பெற்ற குவைத் கோபுரங்களைப் பாராட்டாதார் இலர். அவை நீர் தேக்கும் கோபுரங்கள் என்று குறிப்பவர் சிலர். ஆறில்லாத அந்நகரம் முன்னாளில் ஷத்துல் அரபிலிருந்து மரக்கலங்களில் குடிநீர் ஏற்றி வந்து விலைக்கு வாங்கிக் குடித்தது என்பதை எண்ணுவார் மிகச் சிலர்.

ஒரு நாட்டின் அன்றாட வாழ்வை அறிய விரும்புவோர், அங்கு யார் யாருக்குக் கடன்பட்டிருக்கின்றார் என்று முதலில் கேட்டல் வேண்டும் என்பது எம் கருத்து. இக்கேள்வியைக் கேட்ட நூல்கள் இரண்டினை ஈண்டு நோக்குவோம்.

முன்னது, ஆலன் வில்லியர்ஸ் என்னும் ஆஸ்திரேலிய மாலுமி 1940இல் வெளியிட்ட ‘சிந்துபாத்தின் மைந்தர்கள்’. 1938ஆம் ஆண்டின் இறுதியில் ஏடனில் குவைத்துப் பாய்க்கப்பல் ஒன்றில் ஏறிய அவர், அலி அந்நஜ்தி என்னும் நாகுதாவுடன் ஆப்பிரிக்கக் கரையோரமாகச் சான்சிபார் சென்று, ருஃபிஜி ஆற்று முகத்தில் கண்டல் மரக் கழிகளை ஏற்றிக்கொண்டு, 1939இல் குவைத்தை அடைந்தார். புர்கானில் எண்ணெய் கண்டது 1938இல்; அது கப்பலேறியதோ 1946இல்தான். ஆகவே, செல்வம் மண்ணுக்கு அடியிலும் மக்கள் கடன் ஏட்டிலும் இருந்த காலத்தையே அவர் கண்டார்.

கப்பலில் அவர்க்குத் தனியறை இல்லை. மாலுமிகளுடன் உண்டு, திறந்த தளத்தில் உறங்கினார். அதனாலன்றோ அவர்கள் வாழ்வின் கணக்கு அவர்க்குப் புலனாயிற்று! மாலுமிக்கு மாத ஊதியம் கிடையாது; பயணத்தின் ஆதாயத்தில் ஒரு பங்கு உண்டு. புறப்படுமுன் குடும்பத்திற்கென்று வாங்கிய முன்பணம் அப்பங்கினை விழுங்கிவிடும். மாலுமி நாகுதாவுக்குக் கடனாளி. நாகுதா வணிகனுக்குக் கடனாளி. முத்துக்குளிப்பில் இது இன்னும் கொடிது. மூக்கில் கவ்வி மாட்டிக் கல்லைக் காலிற்கட்டி நாள் முழுதும் மூழ்கி எழுந்தவன், பருவம் முடிந்து கணக்குப் பார்க்கையில் முன்னினும் பெரிய கடனோடு வீடு திரும்புதல் உண்டு. அவன் இறந்தால் அது மகன் தலையில் ஏறும். ஜப்பானிய வளர்ப்பு முத்து சந்தையைக் கெடுத்த பின்னரும் கடன் மட்டும் கெடவில்லை. இவற்றை எழுதிய பக்கங்களே நூலின் உயிர். கடலை அவர் வருணிக்கும் இடங்களும் நல்லனவே. ஆனால் கடலை வருணித்தவர் பலர்.

குறையும் உண்டு. பாய்க்கப்பல்மேற் கொண்ட காதல் அவர் தீர்ப்பைச் சில இடங்களில் மயக்குகின்றது. வில்ஃப்ரெட் தெசிகரிடமும் இந்நோய் உண்டு. ‘அரேபிய மணல்’ (1959) எழுதிய அவர், 1977இல் மீண்டும் சென்று அபுதாபியின் மாற்றங்கண்டு மனங்கசந்தார். வறுமையில் வாடியவரைவிட அதைப் பார்த்து வியந்தவர்க்கே அது போனதில் துயரம் மிகுதி போலும்! மேலும், வில்லியர்ஸ் வீடுகளுக்குள் சென்றது ஆடவர் கூடும் திவானியா வரைதான். அடுக்களை அவர் நூலில் இல்லை.

அவ்வடுக்களையைக் காட்டுவது பின்னது: சவூத் அல்சனூசி என்னும் குவைத்தியர் 2012இல் எழுதி, மறு ஆண்டில் அரபுப் புனைகதைக்கான அனைத்துலகப் பரிசு பெற்ற ‘மூங்கில் தண்டு’. இது புதினமாயினும் ஒரு பயணியின் நோக்கிலேயே இயல்வது. தந்தை குவைத்தியர், தாய் அவ்வீட்டில் வேலை செய்த பிலிப்பினோப் பெண். தாயின் ஊரில் வளர்ந்த இளைஞன் தந்தையின் நாட்டிற்கு வருகின்றான். உரிமை குடிமகனுடையது, முகமோ பணியாளுடையது. பாட்டியின் வீட்டில் அவன் தங்குவது பணியாளர்க்கென அமைந்த புறக்கட்டில். அண்டை வீட்டார் என்ன சொல்வரோ என்னும் அச்சமே அவ்வீட்டை ஆள்கின்றது. அங்காடியின் ஒளியில் மயங்கிய எந்தப் பயணிக்கும் இது தெரிந்திராது. பிலிப்பினோ மொழியில் எழுதப்பட்டு அரபிக்குப் பெயர்க்கப்பட்டது போன்ற பாவனை நூலுக்குச் சற்று மிகை என்பேம். விளக்கவுரைகளும் சில இடங்களில் நீள்கின்றன. பாட்டி வரும் இடங்களில் இக்குறைகள் நினைவிற்கு வருவதில்லை.

இன்று குவைத்தில் வாழ்வோருள் குடிமக்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே. நம் பயணக் கட்டுரையாளர்க்குத் தேநீர் ஊற்றியவரும் காரோட்டியவரும் பெரும்பாலும் வெளிநாட்டினர்; அவருள் தமிழரும் உளர். முகவர்க்குக் கொடுக்க ஊரில் வட்டிக்கு வாங்கிய பணத்தோடு வந்தோர் அவருட் பலர். முன்னாளில் மாலுமியை நாகுதாவோடு கட்டியது முன்பணம். இந்நாளில் தொழிலாளியை முதலாளியோடு கட்டுவது ‘கஃபாலா’ என்னும் பொறுப்பாளர் முறை. வீட்டுப் பணியாளர்க்கு வார ஓய்வும் நாளுக்கு 12 மணிநேர வேலை வரம்பும் வகுத்த சட்டம் 2015இல்தான் வந்தது. அது வீட்டு வாயிலைக் கடந்து அடுக்களை வரை செல்கின்றதா என்று கேட்டெழுதிய பயணக் கட்டுரையை யாம் இன்னும் கண்டிலேம். தேநீர் தந்தவரிடம் தமிழிலேயே கேட்டிருக்கலாமே!

வில்லியர்சின் நாகுதா அலி அந்நஜ்தி, கோபுரங்கள் திறக்கப்பெற்ற அதே 1979இல், பிப்ரவரித் திங்களில், மீன்பிடிக்கச் சென்று புயலில் மறைந்தார். அவர்தம் இறுதி நாளைத் தாலிப் அல்ரிஃபாய் 2017இல் புதினமாக்கியுள்ளார். அதனையும் சேர்த்துப் படிப்போர் வில்லியர்சின் முத்துக்குளிப்புப் பகுதியிலிருந்து தொடங்குவது நலம்.