படியின் கணக்கும் டோக்கனின் கணக்கும்

கொச்சியின் மட்டாஞ்சேரி துறையிலிருந்து 2025 அக்டோபர் முதல் வாட்டர் மெட்ரோ படகு ஓடுகிறது. பெரிய படகில் நூறு பேர் போகலாம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் கரையில் எவ்வளவு கூட்டம் நின்றாலும் அந்த நூறு நூற்றொன்று ஆகாது. வரிசையைப் பற்றிய எந்தப் பேச்சையும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். கைபேசியில் இடம்பிடிக்கும் ‘வெர்ச்சுவல் கியூ’ வந்தால் கூட்டம் கரைந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள். டோக்கன் படகைப் பெரிதாக்குவதில்லை. நாம் காத்திருக்கும் இடத்தை மாற்றுகிறது.

இட மாற்றமே பெரிய உதவிதான். அமெரிக்காவில் டிஸ்னி பூங்காக்கள் 1999இல் ‘ஃபாஸ்ட்பாஸ்’ சீட்டைக் கொண்டுவந்தன. வெயிலில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு குழந்தைகளோடு சாப்பிட்டுவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்தால் போதும். ஆனால் சீட்டு வாங்கியவர் அதுவரை சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. வேறொரு சவாரியின் வரிசையில் போய் நிற்கிறார். ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு வரிசையில் நிற்பதால், சீட்டில்லாதவரின் வரிசை இன்னும் மெதுவாக நகர்கிறது. 2021இல் அந்த இலவசச் சீட்டும் போய், அதன் இடத்தில் கட்டண முறை வந்தது. கொச்சியை ஒட்டிய பள்ளிக்கரையில், 2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய வொண்டர்லாவிலும் கூடுதல் விலைக்கு ஃபாஸ்ட்ராக் டிக்கெட் உண்டு. கேளிக்கைப் பூங்காவில் இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. ஒரு சவாரி தவறினால் ஒரு நாளின் மகிழ்ச்சி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அதே முறை பூங்காவை விட்டு வெளியே வரும்போதுதான் கவலை தொடங்குகிறது.

2020 மே மாதம், ஊரடங்குக்குப் பிறகு மதுக்கடைகளைத் திறந்தபோது கேரள அரசு ‘பெவ்க்யூ’ செயலியைக் கொண்டுவந்தது. அதைச் செய்தது கொச்சியைச் சேர்ந்த ஃபேர்கோட் நிறுவனம். முதல் நாட்களில் ஓடிபி வராமல் ஜனங்கள் திண்டாடினார்கள். ஆனாலும் அதில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பட்டன் போன் வைத்திருப்பவரும் எஸ்எம்எஸ் அனுப்பி டோக்கன் வாங்கலாம். மதுவுக்குக் காட்டிய அந்த அக்கறையை மற்ற வரிசைகளுக்கும் காட்டியிருக்க வேண்டும்.

சபரிமலையைச் சொல்கிறேன். 2011 ஜனவரி 14 அன்று, மகரவிளக்கு முடிந்து திரும்பும் வழியில் புல்மேட்டு நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு. கேரள காவல்துறை வெர்ச்சுவல் கியூவைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்; இப்போது திருவிதாங்கூர் தேவசம் போர்டு அதை நடத்துகிறது. இந்த முறையைக் குறை சொல்லும் எவரும் அந்த இரவை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் தண்ணீரும் மருத்துவரும் காவலரும் எங்கே, எவ்வளவு வேண்டும் என்று திட்டமிட முடியும். அதைத் தந்ததுதான் இந்த முறையின் மெய்யான பலம்.

இனி பதினெட்டாம் படிக்கு வருவோம். காவலர்கள் கைகொடுத்து நிமிடத்துக்கு 80 பேரை ஏற்றிவிட்டு, நடையும் நாளுக்கு 18 மணி நேரம் திறந்திருந்தால், மொத்தம் 86,400 பேர் ஏறலாம். 2025 மண்டல காலத்துக்கு அறிவித்த எல்லையோ ஆன்லைனில் 70,000, நேரில் வந்து பதியும் ஸ்பாட் புக்கிங்கில் 20,000, ஆக 90,000. ஒரு பாட்டி படியில் தடுமாறினாலும், ஒரு மழை அடித்தாலும் கணக்கு கவிழ்ந்துவிடும். நவம்பர் 18 அன்று கவிழ்ந்தும்விட்டது. மறுநாள் உயர்நீதிமன்றம் ஸ்பாட் புக்கிங்கை 5,000 ஆகக் குறைத்தது. அந்த அவசரத்தில் அது தேவைதான். ஆனால் குறைந்தது யாருடைய பங்கு? முன்பதிவு செய்யத் தெரியாதவரின் பங்கு.

எங்கள் தெருவில் மாலை போடும் குருசாமிகளைப் பார்க்கிறேன். நாற்பது வருடம் மலை ஏறியவர்கள். இன்று பதிவுக்காகப் பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசியை எதிர்பார்த்து நிற்கிறார்கள். ரயில் டிக்கெட் எந்தத் தேதிக்குக் கிடைக்கும் என்று தெரியாததால், சில குழுக்கள் இரண்டு மூன்று தேதிகளில் இடம் பிடித்து வைக்கின்றன. போகாத தேதியை ரத்து செய்ய யாருக்கும் நினைவிருப்பதில்லை. திரையில் அந்த நாள் நிறைந்துவிடுகிறது. அந்த நாளில் இடம் கிடைக்காதவர்கள் எப்படியும் பம்பைக்கு வந்துவிடுகிறார்கள். நாற்பத்தொரு நாள் விரதமிருந்து இருமுடி கட்டியவரை இணையதளத்தில் இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது. 2024இல் ஸ்பாட் புக்கிங்கே கிடையாது என்று முடிவெடுத்த அரசு, எதிர்ப்புக்குப் பிறகு அதைக் கைவிட்டது சரியே.

அதற்காக, நேரில் டோக்கன் கொடுத்தால் எல்லாம் தீரும் என்றும் நான் சொல்லவில்லை. 2025 ஜனவரி 8 அன்று திருப்பதியில், வைகுண்ட துவார தரிசன டோக்கனுக்காகக் கூடிய நெரிசலில் ஆறு பேர் இறந்தார்கள். சாமியைப் பார்க்கும் வரிசையில் அல்ல, அந்த வரிசைக்குச் சீட்டு வாங்கும் வரிசையில். கவுன்டர்களை ஓரிடத்தில் குவித்தால் அதுவும் ஒரு புல்மேடு ஆகலாம்.

எனக்குத் தோன்றுவது இது. ஸ்பாட் புக்கிங்கை ஆன்லைனில் மிஞ்சியவர்களுக்கான சலுகையாக நடத்தக் கூடாது. படியின் கணக்கிலேயே நேரில் வருபவர்களுக்கு முதலில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மீதியை இணையத்தில் திறக்க வேண்டும். எல்லையை 86,400க்கும் கீழே வைத்து, தடுமாறும் பாட்டிக்கும் நேரம் விட வேண்டும். வராதவர்களின் இடத்தை முதல் நாள் இரவே பம்பைக்கும் நிலக்கல்லுக்கும் தெரிவித்து, அங்கே காத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். மலையில் நிற்கும் சாமிகளுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்ல ஆள் வேண்டும். எவ்வளவு நேரம் என்று தெரிந்தால், கூடவே குடிக்கத் தண்ணீரும் இருந்தால், கூட்டம் முண்டாமல் நிற்கும்.